கதை வாசித்துக் காட்ட 5, 6 வயதுப் பிள்ளைகள் வேண்டும் (பெங்களூர், அல்சூர் பக்கம்)

வணக்கம். அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கம் இருப்பவர்கள் உதவ முடியுமா? கே.ஆர். மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் வரும் பூ மூட்டைகளைப் பற்றி ஒரு படக்கதை எழுதுகிறேன். மொத்தம் 32 பக்கம். (அச்சுத் தாளை மடிக்கும் கணக்கு 16, 32 என்றுதான் போகும், நம் இஷ்டத்துக்கு நீளாது.) தலைப்பு, பதிப்பு விவரம் போக மிச்சத்தில் பக்கத்துக்கு இரண்டு வரிதான். ஓவியர் வரைந்ததையே நானும் எழுதினால் அந்த வரி வீண்.

சிக்கல் என்னவென்றால், கதையில் பாட்டி பேச்சுத் தமிழ், கதை சொல்பவர் எழுத்துத் தமிழ். சென்னைப் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். இங்கே வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். பல பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அம்மாவோ அப்பாவோ வாசித்துத்தான் கேட்பார்கள். எந்த வரியில் கவனம் கலைகிறது என்று நேரில் பார்க்கணும். ஞாயிறு காலை, உங்கள் வீட்டிலோ ஏரிக்கரைப் பக்கமோ. பெற்றோர் கூடவே இருங்கள். பாராட்டுகிற பிள்ளை வேண்டாம், ‘போர் அடிக்குது’ என்று எழுந்து ஓடுகிற பிள்ளைதான் வேண்டும்!

இன்னொன்று: பதிப்பகம் ராயல்டி இல்லாமல் ஒரே தொகை தருவதாகச் சொல்கிறது. உரிமையை எத்தனை வருடத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒப்பந்தத்தில் இல்லை. காலம் குறிப்பிடாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 19(5)படி 5 ஆண்டு என்றே கொள்ள வேண்டும். இதைக் கிளறப்போய் வாய்ப்பே நழுவிவிடுமோ என்று தயக்கம். கையெழுத்துப் போட்ட அனுபவமுள்ளவர்கள் எப்படிப் பேசினீர்கள்? இன்பாக்ஸில் சொன்னாலும் சரி.