ஹாக்னி கெஸட் பழைய பிரதி யாரிடமாவது இருக்கிறதா?

கிழக்கு லண்டன் பக்கம் யாராவது இருந்தால் ஒரு உதவி வேண்டும். 2023 ஆகஸ்டில் ஹாக்னி கெஸட் என்ற அந்த வட்டாரப் பேப்பரில் ‘ஹாக்னி டைமண்ட்ஸ்’ என்று ஒரு கண்ணாடி ரிப்பேர் கடை விளம்பரம் வந்ததே, அந்தப் பேப்பர் ஒரு பிரதி கிடைக்குமா? தபால் செலவை நான் தந்துவிடுகிறேன், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: பார்த்தால் சாதாரணக் கடை விளம்பரம்தான், ஆனால் 1962-ல் தொடங்கியது என்று போட்டிருக்கிறார்கள், அது ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழு தொடங்கிய வருஷம், அவர்களுடைய ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’, ‘கிம்மி ஷெல்டர்’, ‘ஷாட்டர்ட்’ என்று மூன்று பாட்டின் பெயர்களையும் வாசகத்துக்குள்ளேயே நைசாக நுழைத்திருக்கிறார்கள், அப்புறம் ஆங்கில ‘ஐ’ எழுத்தின் மேல் புள்ளிக்குப் பதிலாகக் குட்டியாக அந்தக் குழுவின் நாக்குச் சின்னம். அதாவது, அவர்களுடைய புது ஆல்பத்துக்கான மறைமுக விளம்பரம். போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு முன் புதுப் பாட்டுகளோடு அவர்கள் ஆல்பம் கடைசியாக வந்தது 2005-ல். 2016-ல் வந்தது பழைய ப்ளூஸ் பாட்டுகள், அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை (சண்டைக்கு வராதீர்கள்). 18 வருஷம்! குழுவின் பாடகர் மிக் ஜாகருக்கு 2023 ஜூலையில்தான் 80 ஆனது.

சரி, இன்னொரு கேள்வி. 2021-ல் இறந்த அவர்களுடைய டிரம்மர் சார்லி வாட்ஸ் வாசித்து வைத்துவிட்டுப் போன டிரம்ஸ் இந்தப் புது ஆல்பத்தில் ஒரு பாட்டிலாவது வரும் என்று நினைக்கிறீர்களா? அதைவிட, ‘ஹாக்னி டைமண்ட்ஸ்’ என்றால் அந்த ஊர்ப் பேச்சில் உடைந்த கண்ணாடிச் சில்லு என்கிறார்களே, அங்கேயே இருப்பவர்கள் கேட்டிருக்கிறீர்களா? பேப்பர் இருந்தால் உடனே இன்பாக்ஸில் சொல்லுங்கள்.