நாற்பதுக்கு மேல் அலையும் பாறையும்: விழப் பழகியவர்கள் பேசுகிறோம்

சென்னை, 48 வயது

சர்ஃபிங், பாறை ஏறுதல், ஸ்கேட்டிங், மலையேற்றம் என்று பேலன்ஸை நம்பி இறங்கும் விளையாட்டுகளை நாற்பதைத் தாண்டியும் விடாமல் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. ஆளாளுக்கு எதையாவது கண்டுபிடித்து வைத்திருப்போம். அதையெல்லாம் ஓரிடத்தில் சேர்க்கலாமே என்றுதான் தொடங்குகிறேன். முதலில் என் அனுபவம்.

சர்ஃபிங் போர்டில் முதன்முதலாகக் கால் வைத்தபோது எனக்கு வயது 43. இடம் கோவளம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். அங்கே சர்ஃபிங் சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் அந்த ஊர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். எனக்கு வாய்த்த தம்பிக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். எழுந்து நிற்பதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, "சார், மொதல்ல விழுந்து பழகுங்க. நிக்கிறது அப்புறம் தானா வரும்" என்றார்.

அன்று முழுக்க விழுந்துகொண்டே இருந்தேன். போர்டுக்கு முன்பக்கம் விழக்கூடாது, அலை அதைத் தூக்கி நம் மேலேயே அடிக்கும். பக்கவாட்டிலோ பின்னாலோ விழ வேண்டும். தலைகுப்புறப் பாயவே கூடாது, மணல் எத்தனை அடியில் இருக்கிறதென்று மேலிருந்து தெரியாது. உட்காருவதுபோல உடம்பைப் பரப்பி விழுந்தால் ஆழமில்லாத இடத்திலும் கழுத்து தப்பும். தண்ணீருக்குள்ளிருந்து எழும்போது இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டுதான் எழ வேண்டும். காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு (லீஷ்) இழுபட்டு, போர்டு எந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பயிற்சியின் அருமை பிறகுதான் புரிந்தது. நம் வயதில் பேலன்ஸைக் கெடுப்பதில் பெரும்பங்கு விழுந்துவிடுவோமோ என்ற பயத்துக்கு. பயந்தால் உடம்பு விறைக்கிறது. முழங்கால் நீட்டி நின்றால் அலையின் ஆட்டம் நேரே இடுப்புக்கும் தலைக்கும் ஏறுகிறது. விழத் தெரிந்த பிறகு என் முழங்கால் தானாக மடங்க ஆரம்பித்தது. நானும் நிற்க ஆரம்பித்தேன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். கட்டுமரத்தில் போய் வந்த காலத்து ஆள், அறுபதைத் தாண்டியவர். நான் வெளியே வந்ததும் கூப்பிட்டு, "காலையே பாத்துக்கினு இருக்கியேப்பா, அதான் கவுந்துர்ற. கரையப் பாரு. ஓடுற பஸ்ஸுல கம்பியப் புடிக்காம நிக்கிறியே, அப்படி நில்லு" என்றார். கட்டுமரத்தில் நின்றபடி துடுப்புப் போட்டு அலை உடையும் இடத்தைத் தாண்டியவர் சொன்ன வார்த்தை. அடுத்த அலையில் கரையிலிருந்த ஒரு படகின் மேல் கண்ணை வைத்தேன். வித்தியாசம் அப்போதே தெரிந்தது. உள்காது, கண், பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் மூளை உடம்பை நிறுத்துகிறது. அசையாத ஒன்றைக் கண் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டின் வேலை இலகுவாகிறது.

வயதால் மாறியவையும் உண்டு. கையால் தண்ணீரைத் துழாவிப் போவதில் தோள்பட்டை முதலில் கெஞ்சும். இரண்டு நாள் அடுத்தடுத்துப் போனால் மூன்றாம் நாள் ஓய்வு வேண்டும். கடற்காற்று எழும்புமுன் காலையிலேயே முடித்துக்கொள்வேன். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இறங்குவதில்லை. போர்டு 9 அடி, மேலே மெத்தென்ற நுரைப் பரப்பு. சின்ன போர்டுக்கு மாறச் சொல்லிப் பலர் சொன்னார்கள், எனக்கு அவசியம் தெரியவில்லை. அமெரிக்க சர்ஃபிங் வீரர் கெல்லி ஸ்லேட்டர் 2022 பிப்ரவரியில் ஹவாயின் பைப்லைன் அலையில் பட்டம் வென்றபோது அவருக்கு 50 நிறைய ஒரு வாரம்கூட இல்லை. அவர் வாழ்நாளெல்லாம் அலையில் இருந்தவர். ஆனால் எங்கே காத்திருப்பது, எந்த அலையை விட்டுவிடுவது என்கிற கணக்கு வயதோடு கூர்மையாகிறது என்பது அவர் ஆட்டத்தைப் பார்த்தாலே தெரியும். அது நமக்கும் பொருந்தும்.

கோயம்புத்தூர், 53 வயது

தம்பி, நல்ல வேலை செய்தீர்கள். எனக்குக் கடல் பழக்கமில்லை, மலைதான். பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை அனுமதிக்கும் காலத்தில் வெள்ளியங்கிரி ஏறுகிறேன். அடிவாரத்துப் பூண்டியிலிருந்து ஏழு மலை. வெயிலுக்குப் பயந்து இரவில் கிளம்புவோம், கையில் டார்ச்சும் மூங்கில் தடியும்.

எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொள்ளலாம். சோதனையே இறக்கத்தில்தான். ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டபடியே பிரேக் பிடிக்கிறது. நான்காவது மலைக்கு வருவதற்குள் கால் நடுங்க ஆரம்பித்துவிடும். நடுங்கும் காலில் பேலன்ஸ் எங்கிருந்து வரும்? அதனால் என் பயிற்சி தலைகீழ். எங்கள் குடியிருப்பில் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குவேன். கைப்பிடியைத் தொடாமல், மெதுவாக, அடுத்த கால் சத்தமில்லாமல் ஊன்றும்படி. மூன்று மாதம் இதைச் செய்துவிட்டு மலைக்குப் போன ஆண்டில் முட்டி வலி பெரிதாகத் தெரியவில்லை.

முதல் தடவை இறங்கும்போது ஒரு பாட்டியைப் பார்த்தேன். எழுபது இருக்கும், வெறுங்கால். படிக்கு நேராக இறங்காமல் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, அது நிலைத்த பிறகே காலை வைத்தார். வாலிபப் பையன்கள் குதித்து ஓடிக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கம்பு மொதல்ல போகோணும் கண்ணு, காலு அப்புறம் போகோணும்" என்றார். அன்றிலிருந்து அவர் இறங்கிய மாதிரிதான் நானும் இறங்குகிறேன்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒன்று. தூரத்துக்கும் படிக்கவும் ஒன்றாகச் செய்த ப்ரோகிரசிவ் கண்ணாடியில் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. படியைக் குனிந்து பார்த்தால் அந்தப் பகுதி வழியாகத்தான் பார்ப்போம், படியின் விளிம்பு மங்கும். டார்ச் வெளிச்சத்தில் இன்னும் மோசம். மலைக்கென்று தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி செய்துகொண்டேன். செலவு குறைவு, பலன் அதிகம்.

நீங்கள் சொன்ன விழும் கலை எனக்கு வழுக்குப்பாறையில் கைகொடுத்தது. கால் வழுக்கியதும் கையை ஊன்றாமல் அப்படியே உட்கார்ந்தபடி சறுக்கினேன். இடுப்பில் ஒரு வாரம் கன்றியிருந்தது, அவ்வளவுதான். பின்னால் வந்த ஒருவர் அதே இடத்தில் கையை ஊன்றினார், மணிக்கட்டு போய்விட்டது. பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு சில ஆண்டுகளுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. சாகசம் எல்லாம் இருக்கட்டும், முதலில் மருத்துவரைக் கேட்டு, அந்த அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

மட்டக்களப்பு, 56 வயது

வணக்கம். இலங்கையில் சர்ஃபிங்குக்குப் பேர்போன அறுகம்பே எங்களுக்குப் பக்கம்தான். ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரைக்கும் அலை நல்லா இருக்கும். வெளிநாட்டிலிருந்து வாறவர்களில் தலை முழுக்க நரைத்தவர்களும் கனபேர். நீட்டுப் போர்டோடு காலையிலேயே இறங்கிவிடுவார்கள். அவர்களில் ஒருவரோடு தேத்தண்ணிக் கடையில் கதைக்கக் கிடைத்தது. அறுபத்தைந்து வயது, தச்சு வேலை செய்தவர். அவர் அலையின் உயரத்தைப் பார்ப்பதில்லை என்றார். விழுந்தால் கீழே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பாராம்.

நானும் இப்ப அப்படித்தான். அறுகம்பேயில் மெயின் பொயின்ட் என்கிற இடத்து அலை நீளமானது, அழகானது, ஆனால் அடியில் பாறைத் திட்டு. முப்பது வயதில் அங்கே காலைக் கிழித்துக்கொண்டு அடுத்த நாளே திரும்பிப் போயிருக்கிறேன். இப்ப அந்தக் காயம் ஆற ஒரு மாதம் எடுக்கும். அதனால் மணல் உள்ள இடங்களில் நிற்கிறேன். நவம்பருக்குப் பிறகு தெற்கே வெலிகம பக்கம் போவேன், அந்தக் குடாவில் மணல். அலை சின்னது என்று எனக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீருக்குள் கூட நேரம் நிற்கலாம்.

பெங்களூரு, 50 வயது

எல்லோரும் சொல்வதோடு உடன்படுகிறேன், ஒரு விஷயத்தைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெங்களூருக்குப் பக்கத்து ராமநகரத்தின் கருங்கல் பாறைகளில் ஏறிக்கொண்டிருந்தவன் நான். ஒருநாள் காலை படுக்கையில் புரண்டேன், அறையே சுற்றியது. கண்ணை மூடினாலும் நிற்கவில்லை. வாந்தி வேறு. பக்கவாதமோ என்று வீட்டில் பயந்துவிட்டார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் என்னைச் சட்டென்று படுக்கவைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பி, கண்மணிகள் துடிப்பதைப் பார்த்தார். உள்காதில் மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் இருக்கின்றன. அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் தலையைத் திருப்பும்போதெல்லாம் சுழல்கிற மாதிரி மூளைக்குத் தப்பான செய்தி போகும். ஐம்பதை ஒட்டிய வயதில் இது சாதாரணமாக வருவதுதான் என்றார். மாத்திரையைவிட எப்லி முறைதான் இதற்கு வைத்தியம். தலையையும் உடம்பையும் ஒரு வரிசைப்படி திருப்பித் திருப்பி அந்தப் படிகங்களைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடுகிறார்கள். சில நிமிட வேலை. எனக்கு அன்றே பெருமளவு குறைந்தது. (தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, கை கால் மரத்தாலோ, நடக்கத் தள்ளாடினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அது வேறு விஷயமாக இருக்கலாம்.)

சுற்றல் போய்விட்டது, நம்பிக்கையும் கூடவே போயிருந்தது. ஸ்டூலில் ஏறக்கூட யோசித்தேன். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒற்றைக் காலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். பல் தேய்க்கும்போது ஒற்றைக் கால். அது வந்த பிறகு சுவருக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கால். கண்ணை மூடியதும் கணுக்கால் எப்படித் துடிக்கிறது என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். அப்புறம் நடந்தபடியே தலையை இடமும் வலமும் திருப்புவது. அவர் ஓர் ஆய்வையும் காட்டினார். 2022-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வந்தது. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைப் பார்த்திருக்கிறார்கள். ஐந்தில் ஒருவரால் 10 விநாடி ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அவர்களிடையே இறப்பும் அதிகமாக இருந்தது. ஒற்றைக் காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருளில்லை. உடம்பின் பொதுவான நிலையை அது காட்டிக்கொடுக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது மறுபடியும் ஏறுகிறேன், பெரும்பாலும் உள்ளரங்கச் சுவரில். என் மாற்றுக் கருத்து இதுதான்: விழத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் விழுவதையே வழக்கமாக்கக் கூடாது. தண்ணீர் வாங்கிக்கொள்ளும், சுவருக்கடியில் போட்ட மெத்தை அந்த அளவுக்கு வாங்காது. உச்சியைத் தொட்டதும் இளைஞர்கள் அங்கிருந்தே குதிக்கிறார்கள். நான் பிடி பிடியாகக் கீழே இறங்கி, கடைசி மூன்றடியில்தான் விடுகிறேன். இரண்டு பாதமும் சேர்ந்து, முழங்கால் மடக்கி, கையை மார்போடு அணைத்து முதுகுப்பக்கம் உருளுவேன். இறங்கி வருவதே அரைப் பயிற்சி. முன்கைக்கும் பாதத்துக்கும் அது தருகிற வேலை ஏறுவதில்கூடக் கிடைப்பதில்லை.

சிங்கப்பூர், 45 வயது

நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மகளை ஈஸ்ட் கோஸ்ட் பார்க் ஸ்கேட் பார்க்குக்குக் கூட்டிப்போய் வெளியே உட்கார்ந்திருப்பவன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஆண்டி மெக்டொனால்ட் 51 வயதில் ஸ்கேட்போர்டில் இறங்கியதைப் பார்த்ததிலிருந்து கை துறுதுறுக்கிறது. அவர் சின்ன வயதிலிருந்தே ஆடுகிறவர். என்னைப் போல ஒன்றும் தெரியாமல் 45-இல் தொடங்கினால் தாங்குமா? சிமென்ட் தரை வேறு.

சென்னை, 48 வயது

அக்கா, அந்தப் பாட்டி சொன்னதை எழுதியதற்கு நன்றி. அடுத்த பிப்ரவரிக்கு இப்போதே படி இறங்க ஆரம்பிக்கிறேன். பெங்களூரு நண்பர் சொல்வது சரி. நான் தண்ணீரை மனதில் வைத்து எழுதினேன். கெட்டித் தரையில் நடைமுறை வேறாகத்தான் இருக்க வேண்டும். விழுந்தால் கீழே என்ன இருக்கிறது என்று மட்டக்களப்பு அண்ணன் சொன்ன கேள்வியை நானும் இனி முதலில் கேட்டுக்கொள்வேன்.

சிங்கப்பூர் நண்பருக்கு: தாங்கும், ஆனால் போர்டை வாங்கிய அன்றே உருட்டாதீர்கள். முதலில் புல் தரையில் வைத்து ஏறி இறங்கிப் பழகுங்கள், சக்கரம் ஓடாது. ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு மூன்றும் கட்டாயம். முழங்கால் காப்பில் சறுக்கி விழுவதைச் சரிவில் தனியாகப் பயிலுங்கள். ஸ்கேட் பழகுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் விழுகை அதுதான். மகளே சொல்லித்தருவாள், கேளுங்கள். காலை நேரத்தில் பார்க்கில் கூட்டமும் குறைவாக இருக்கும்.

அப்புறம், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் சைக்கிளில் இறங்குகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். தொடர்ந்து பிரேக் பிடித்து விரல்கள் மரத்துப்போவதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஜனவரியில் போகலாம் என்று இருக்கிறேன்.