மறு: ஏ.ஓ.எஸ்., எல்.ஓ.எஸ். – ‘எழுகை’ வேறு, ‘பிடிபடல்’ வேறு

அனைவருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

செய்மதி வழியே ரேடியோவில் கதைக்கும் நாம் சேர்க்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் இந்த இரண்டிலும்தான் இழுபறி நிற்கிறது: செய்மதியின் சிக்னல் நமக்குக் கிடைக்கத் தொடங்குவது ஏ.ஓ.எஸ். (AOS), அது அற்றுப்போவது எல்.ஓ.எஸ். (LOS). ஏ.ஓ.எஸ்.ஸுக்கு ‘உதயம்’, எல்.ஓ.எஸ்.ஸுக்கு ‘அஸ்தமனம்’ என்று சென்னை நண்பர் எழுதினார். வடமொழி வேண்டாமென்று பேராதனைத் தம்பி ‘எழுகை, மறைகை’ என்று மாற்றித் தந்தார். சொல் மாறியது, பொருள் மாறவில்லை. இரண்டு சோடியும் வானத்தில் நடப்பதைச் சொல்கின்றன. ஏ.ஓ.எஸ். காதில் நடப்பது.

> செய்மதி எழுந்தால் சத்தம் வரத்தானே போகிறது? இதில் என்ன பெரிய வித்தியாசம்?

வராது, தம்பி. ஏஓ-7 என்ற அமெச்சூர் வானொலிச் செய்மதியை எடுங்கள். 1974 இல் ஏவினார்கள், 1981 இல் மின்கலம் பழுதாகி அடங்கிப்போனது. செத்ததென்றே எல்லோரும் விட்டுவிட்ட பிறகு, 2002 இல் திரும்பக் கேட்கத் தொடங்கியது. மின்கலம் குணமாகவில்லை. சூரியப் பலகையில் வெயில் படுமட்டும் பேசும், பூமியின் நிழலுக்குள் போனால் வாயை மூடிக்கொள்ளும். நிழலில் வரும் வேளைகளில் அது நம் வானத்தில் ஒழுங்காக எழும், உச்சிக்கு வரும், மறையும். ரேடியோவில் ஒரு சத்தமும் இராது. உதயம் நடந்துவிட்டது, ஏ.ஓ.எஸ். நடக்கவில்லை. இதை ஒரே சொல்லால் எப்படி எழுதுவது?

எஸ்ஓ-50 என்ற இன்னொரு அமெச்சூர் செய்மதி இன்னும் பொருத்தம். இங்கே புதிதாகத் தொடங்கும் பெடியன்கள் பலர் முதலில் தேடுவது அதைத்தான். 2002 டிசம்பரில் ஏவினார்கள், ஒலிபரப்பும் வலு வெறும் கால் வாட். 145.850 மெகா ஹேர்ட்ஸில் 74.4 ஹேர்ட்ஸ் தொனி அனுப்பி யாராவது எழுப்பிவிட்டால் பத்து நிமிடம் விழித்திருக்கும். அதற்குப் பிறகு 67 ஹேர்ட்ஸ் தொனியோடு கதைக்கலாம். எழுப்ப ஆளில்லையென்றால் தலைக்கு நேரே போனாலும் முகம் கொடுக்காமல் போய்விடும்.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் தொடுவானத்திலேயே சிக்னல் வந்துவிடாதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். மலை இல்லை, பனை இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியும் இருக்கிறது. அதோடு எஸ்ஓ-50 எழும்போது சுமார் 3000 கிலோமீற்றர் தூரத்தில் நிற்கும். உச்சிக்கு வரும்போதுதான் 700 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். கால் வாட் சிக்னலுக்கு இது பெரிய வித்தியாசம்.

தொப்ளர் வேறு இருக்கிறது, அதாவது செய்மதியின் வேகத்தால் மீடிறன் மாறிக் கேட்பது. செய்மதி சொல்லும் மீடிறன் 436.795 மெகா ஹேர்ட்ஸ். நம்மை நோக்கி வரும்போது சுமார் 10 கிலோ ஹேர்ட்ஸ் கூடியும், விலகிப் போகும்போது அதேயளவு குறைந்தும் கேட்கும். அதனால்தான் ஹாண்டியில் (கை ரேடியோவில்) 436.805 இலிருந்து 436.785 வரை ஐந்து ஐந்து கிலோ ஹேர்ட்ஸாக ஐந்து இடங்களைப் பதிந்து வைத்து, வரிசையாக இறங்கிக்கொண்டே போகிறோம். முதல் இடத்தில் நிற்கவேண்டிய நேரத்தில் நடு இடத்தில் நின்றால், எழுகை முடிந்து சில நிமிடம் கழிந்தும் ஒன்றும் கேட்காது.

மொட்டைமாடியில் எஸ்லோன் பைப்பில் இரும்பு அளவுநாடாத் துண்டுகளைப் பூட்டிய யாகி அன்ரெனாவோடு நிற்பவரைப் பாருங்கள். ரேடியோவில் வெறும் இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்து வைத்திருப்பார். காதில் இரைச்சல்தான். மணிக்கட்டை மெல்லத் திருப்பத் திருப்ப ஓரிடத்தில் அந்த இரைச்சல் மெலியும். குரல் இன்னும் வந்திருக்காது. அந்த இடத்தில் அவர் வாயிலிருந்து வரும் சொல், ‘பிடிபடுது’. பழைய வால்வு ரேடியோவில் குமிழைத் திருகிய காலத்திலும் நம் ஆட்கள் ‘ஸ்ரேசன் பிடிபடுது’ என்றுதான் சொன்னார்கள். வீட்டில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு நாம் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனவே ஏ.ஓ.எஸ். ‘பிடிபடல்’, எல்.ஓ.எஸ். ‘விடுபடல்’. நடுவில் யாகியின் சாய்வு பொருந்தாமல் சிக்னல் விழுந்து எழும்புவதை ‘இடைவிடுபடல்’ என்றால் தனிச்சொல் தேட வேண்டியதில்லை.

> கள்ளன்தான் பிடிபடுவான்.

‘பிடிபடல்’ என்று நான் முன்பு சொன்னதற்கு ஒருவர் எழுதிய இந்த மறுப்பைப் பார்த்துச் சிரித்தேன். கணக்கும் சிலருக்குப் பிடிபடுகிறது, அதையும் யாரும் பொலிசில் கொடுப்பதில்லை.

உண்மையில் கனமான மறுப்பு சென்னை நண்பருடையது. மென்பொருட்கள் ஏ.ஓ.எஸ். என்று காட்டுவதே தொடுவானத்தைக் கடக்கும் கணக்கு நேரத்தைத்தானே என்கிறார். சரிதான். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள், அந்தக் குழப்பத்தை நாமும் காவ வேண்டியதில்லை. மென்பொருள் அட்டவணையில் ‘எழுநேரம், மறைநேரம்’ என்று போடுவோம். பதிவுப் புத்தகத்தில் ‘பிடிபட்ட நேரம், விடுபட்ட நேரம்’. பக்கத்தில் பக்கத்தில் எழுதி வந்தால், மேற்கே நிற்கும் பனைகள் எத்தனை நிமிடத்தைத் தின்கின்றன என்று நாளடைவில் தெரிந்துவிடும். ஆகவே ‘எழுகை’யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அது தன் இடத்தில் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் வருவதற்கு ‘உச்சம்’ போதும், அதில் யாருக்கும் சண்டை இல்லை.

மற்றவை சுருக்கமாக. செய்மதி ஒரு தடவை நம் வானத்தில் வந்து போகும் ‘பாஸ்’ என்பதற்குக் ‘கடப்பு’ எனக்கு ஒட்டவில்லை. வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே போவதையும் கடப்பு என்கிறார்கள். அதைவிட, எங்கள் ஊரில் கடப்பு என்பது வேலியில் ஆள் நுழையும் இடம். ‘கடப்படியில் நிற்கிறார்’ என்றால் செய்மதி ஞாபகம் வராது. ‘வலம்’ என்றால் முழுச் சுற்று. எஸ்ஓ-50 ஒரு நாளில் 14 சுற்றுக்கு மேல் சுற்றும், நமக்குத் தென்படுவது நாலைந்து தடவைதான். ‘வருகை’ என்று வைத்துவிடலாம்: உயர்வருகை, தாழ்வருகை, வருகை அட்டவணை. ‘டிராக்கிங்’ என்பதற்குக் ‘கண்காணிப்பு’ வேண்டவே வேண்டாம். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் ஆட்கள் நினைப்பது வேறு. ‘தடம்பிடித்தல்’ நல்லது. ஏற்றக்கோணமும் திசைகோளும் பள்ளிக்கூடக் கணிதத்திலேயே இருக்கின்றன, புதிதாக ஆக்காதீர்கள்.

செய்மதி தன்னை அடையாளங்காட்ட அனுப்பும் சிக்னலான ‘பீக்கன்’ பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. ‘வான்கலங்கரை’ என்று ஒருவர் தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன்: அது பீக்கனாகவே இருக்கட்டும்.