இறையியல் படிப்பு, மனச்சோர்வு: எங்கிருந்து தொடங்கலாம்?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வேலைக்குப் போய்க்கொண்டே இறையியல் படிக்கிறேன். திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராய் இருக்கும் ஒரே தேவன்), மீட்பு எல்லாம் தேர்வில் எழுதிவிடுகிறேன். தூக்கம் வராத இரவில் அதில் எது கைகொடுக்கிறது என்று கேட்டால் விழிக்கிறேன்.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில், சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான், உபதேசம் இல்லை. அப்புறம் மறுபடி தூக்கம். 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. 'விசுவாசம் இருந்தால் சோர்வு வராது' என்பவர்கள் இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிப்பார்களோ என்னவோ!

புலம்பல் சங்கீதங்கள், ஓய்வுநாள் பற்றித் தமிழில் எளிய நூல்கள் தெரிந்தால் சொல்லுங்கள். ஜெபத்தோடு மருத்துவ ஆலோசனையும் எடுத்துக்கொண்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் ரொம்ப உதவியாக இருக்கும்.