அடுத்த பருவத்தின் வெற்றிகளைக் கணிப்பதில் சிக்கல்: வழிகாட்டுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால், கூடைப்பந்து அணிகள் அடுத்த பருவத்தில் எத்தனை ஆட்டங்களை வெல்லும் என்று கணிக்க ஓர் எக்செல் தாளைச் சில மாதங்களாகத் தயாரித்து வருகிறேன். அடிப்படை, பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸின் பித்தகோரஸ் சூத்திரம்: எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்கள், விட்டுக்கொடுத்த ரன்கள் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டிவந்த தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம் கிடைக்கும். 2001இல் சியாட்டில் மரினர்ஸ் 927 ரன்கள் எடுத்து 627 ரன்கள் கொடுத்தது. 162 ஆட்டங்களுக்கு என் தாள் 111 வெற்றிகள் என்றது, அணி உண்மையில் வென்றது 116. அந்த நெருக்கத்தைக் கண்டு மிகவும் மகிழ்ந்தேன். கூடைப்பந்தில் (ரன்களுக்குப் பதில் புள்ளிகள்) வர்க்கம், அதாவது அடுக்கு 2, போதாது என்பதால் 14 வைத்திருக்கிறேன்.

ஆனால் இவை முடிந்துபோன பருவங்கள். அதே மரினர்ஸ் 2002இல் 93 ஆட்டங்களையே வென்றது. இத்தகைய சரிவை முன்கூட்டியே ஓரளவாவது காட்டாத கணிப்பால் பயனில்லை என்பது என் எண்ணம். பேஸ்பால் மட்டையாளர்களுக்கு, புள்ளிவிவர ஆய்வாளர் டாம் டாங்கோவின் மார்செல் என்ற எளிய கணிப்பு முறைப்படி, கடந்த 3 ஆண்டுகளுக்கு, அண்மை ஆண்டிலிருந்து தொடங்கி, 5, 4, 3 என எடை கொடுத்துச் சராசரியை நோக்கி இழுக்கிறேன் (அதாவது, மிகையாகவோ குறைவாகவோ உள்ள எண்களை எல்லா வீரர்களின் சராசரிக்குச் சற்று அருகே கொண்டுவருகிறேன்). கூடைப்பந்தில்தான் தடுமாறுகிறேன். களத்தில் ஐவரே இருப்பதால், ஒரு முக்கிய வீரரின் ஆட்ட நிமிடங்களைச் சற்றே மாற்றினாலும் அணியின் மொத்தக் கணிப்பும் மாறிவிடுகிறது.

காயங்களையும் வயதையும் கணக்கில் கொண்டு அந்த நிமிடங்களை நீங்கள் எவ்வாறு மதிப்பிடுகிறீர்கள்? கூடைப்பந்தின் 82 ஆட்டப் பருவத்தில் அணியைச் சராசரியை நோக்கி எவ்வளவு இழுப்பது முறை? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். கேட்பவர்களுக்குத் தாளை அனுப்புகிறேன்.