யோயோ பேரிங்குக்கு எவ்வளவு எண்ணெய் போதும்? என் அனுபவம் இது, உங்களுடையதையும் சொல்லுங்கள்

மூன்று வாரமாக என் யோயோ கத்திக்கொண்டே இருந்தது. கீழே வீசியதும் கீச்சென்று ஒரு சத்தம், தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி. அலுமினிய யோயோ, சி அளவு பேரிங். வாங்கிய புதிதில் ஒரே வீச்சில் நாலைந்து டிரிக்கை நிதானமாக முடித்துவிடலாம். இப்போது இரண்டாவது டிரிக்கிலேயே சுழற்சி அடங்கிவிடுகிறது. சரி, எண்ணெய் வற்றிவிட்டது என்று நினைத்து, தையல் மெஷின் எண்ணெய் மூன்று சொட்டு விட்டேன்.

சத்தம் உடனே நின்றது. ஆனால் அடுத்த வீச்சில் யோயோ கீழே நிற்கவே இல்லை. போன வேகத்தில் திரும்பி வந்து விரல் முட்டியில் அடித்தது. பைண்ட் போட்டால், அதாவது நூலை மடித்து இடுக்கில் செருகிக் கவ்வச் செய்தால் மட்டுமே, கைக்கு வரவேண்டிய யோயோ அது. வலி ஒரு பக்கம், நல்ல பொருளைக் கெடுத்துவிட்டோமோ என்ற கவலை இன்னொரு பக்கம்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. பேரிங்கின் உள்வளையம் யோயோவோடு சேர்ந்து சுற்றுகிறது. நூல் மாட்டியிருக்கும் வெளிவளையம் சும்மா நிற்க வேண்டும். நடுவில் உள்ள குண்டுகள் எண்ணெயில் நீந்தினால், அந்த இழுவையில் வெளிவளையமும் கூடவே சுற்றப் பார்க்கும். நூலையும் சுருட்டிக்கொள்ளும். யோயோ மேலே ஏறிவிடும். கெட்டியான எண்ணெய் என்றால் இன்னும் மோசம்.

அன்று மாலையே பிரித்தேன். யோயோவைத் திருகித் திறந்ததும் பேரிங், ஆக்சில் (நடு அச்சுத் தண்டு) இல்லாத பாதியில் ஒட்டிக்கொண்டு நின்றது. சி அளவு பேரிங்கின் துளை 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம். வெளிவிட்டம் 12.7, அகலம் 4.76. அதனால் கால் அங்குல டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தைத் துளைக்குள் செருகி, லேசாகச் சாய்த்து இழுத்தால் பேரிங் அதோடு வந்துவிடுகிறது. இடுக்கியால் கவ்வி இழுக்காதீர்கள். நெளிந்த வளையத்தை எந்த எண்ணெயும் சரிசெய்யாது.

பேரிங்கின் பக்கத்தை மூடும் மெல்லிய தகடான ஷீல்டைப் பிடித்திருக்கும் வளைந்த கம்பிக் கிளிப்தான் பொறுமையைச் சோதிக்கும். அதன் ஒரு முனையை ஊசியால் நெம்பியதும் துள்ளிப் பறக்கும். இரண்டு கையையும் பேரிங்கோடு ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு நெம்பினேன். டிக்கென்று பையில் பட்டு உள்ளேயே விழுந்தது. ஷீல்டைத் தூக்கினால் உள்ளே கரும்சாம்பல் நிறத்தில் பிசுக்கு. அதற்குள் என் மஞ்சள் நூலின் இழைகள், முடியைவிட மெல்லியவை, உள்வளையத்தை நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றியிருந்தன. மூன்று வாரமாகக் கத்தியது இதுதான். இதன் மேல்தான் நான் எண்ணெயை ஊற்றியிருக்கிறேன்.

இழைகளை ஊசியால் எடுத்துவிட்டு, சிறிய கண்ணாடிக் குப்பியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றி, பேரிங்கைப் போட்டு அரை நிமிடம் குலுக்கினேன். புகை மாதிரி ஒரு சாம்பல் கலங்கல் இறங்கியது. புது ஆல்கஹால் மாற்றி இரண்டாம் முறை, அப்புறம் மூன்றாம் முறை. அப்போதுதான் தெளிவாக இருந்தது. சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, தீப்பெட்டி பக்கத்தில் கூடாது. உலர்த்த வாயால் ஊதவும் வேண்டாம், மூச்சில் ஈரம் இருக்கிறது. கேமரா லென்ஸ் தூசிக்கு வைத்திருந்த ரப்பர் ஊதியால் காற்றடித்து, கொஞ்ச நேரம் காகிதத்தில் வைத்தேன்.

எண்ணெயே விடாமல் போட்டுப் பார்த்தேன். சுழற்சி அருமை, ஆனால் ஜலஜலவென்று இரைச்சல். இரண்டு நாளில் பழைய கீச்சு தலைகாட்டியது. இரும்பும் இரும்பும் நேராக உரசினால் தேயத்தான் செய்யும், துருவுக்கும் தடுப்பில்லை. மறுபடி கழுவி, இந்த முறை ஊசி முனையை எண்ணெயில் தொட்டு, குண்டுகளுக்கு நடுவே இரண்டு இடத்தில் மட்டும் வைத்தேன். சொட்டுகூட இல்லை, ஈரம் பட்டது என்று சொல்லலாம். முதல் பத்துப் பதினைந்து வீச்சு கொஞ்சம் பிடித்தது. பிறகு சத்தமும் இல்லை, இழுவையும் இல்லை. ஒரு மாதமாக அப்படியே ஓடுகிறது.

பேரிங்கைத் தனியாக எடுத்து விரலால் சுண்டி, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். காய்ந்த பேரிங்தான் அந்தச் சோதனையில் ஜெயிக்கும். யோயோவின் எடையும் நூலின் இழுப்பும் சேரும்போது கதை வேறு.

* * *

அண்ணா, நான் செய்த தவற்றையும் சொல்கிறேன், வேறு யாருக்கும் நடக்கக் கூடாது. பேரிங்கைக் கழற்றச் சோம்பல்பட்டு, பஞ்சில் அசிட்டோன் நனைத்து யோயோவில் இருந்தபடியே துடைத்தேன். பாலிகார்பனேட் யோயோ. பேரிங் உட்காரும் இடத்தைச் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்து, நுண்ணிய விரிசல் விட்டுவிட்டது. கண்ணாடி மாதிரி இருந்த உடம்பு. அசிட்டோன் பிசுக்கை நன்றாகக் கரைக்கும், உண்மைதான், ஆனால் பிளாஸ்டிக் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. பேரிங்கின் உள்ளே குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு பிளாஸ்டிக்காக இருந்தாலும் இதே கதிதான். நகப்பூச்சு நீக்கி வேண்டவே வேண்டாம். சிலவற்றில் தோலுக்காக எண்ணெய் கலந்திருப்பார்கள், காய்ந்ததும் அது பேரிங்கிலேயே தங்கிவிடும்.

* * *

எனக்கு நேர் எதிர். லூப்பிங் செய்கிற, அதாவது கையில் பிடிக்காமல் திரும்பத் திரும்ப முன்னால் வீசிச் சுழற்றுகிற, ஜோடி யோயோ என்னுடையது. இழுத்தால் உடனே வரவேண்டும். எங்கோ படித்துவிட்டு இரண்டு பேரிங்கையும் பளிச்சென்று கழுவி, மெல்லிய எண்ணெய் தொட்டுப் போட்டேன். இரண்டும் கீழேயே சுற்றிக்கொண்டு நின்றன, ஒரு லூப்கூட வரவில்லை. பேரிங் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கவே கிளம்பிவிட்டேன். விஷயம் தெரிந்த ஒருவர் கெட்டி எண்ணெய் ஒரு சிறு துளி போடச் சொன்னார். போட்டதும் இரண்டும் பழையபடி கைக்கு வந்தன. அதனால் முதலில் உங்கள் யோயோ திரும்பி வரவேண்டியதா, கீழே நிற்க வேண்டியதா என்று பாருங்கள். நிற்க வேண்டியதற்கு மெல்லியது, வரவேண்டியதற்குக் கெட்டி.

அப்புறம், எண்ணெய் ரெஸ்பான்ஸ் பேடில் (பைண்ட் போடும்போது நூலைக் கவ்வும் ஒட்டு வளையம்) படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பக்கம் பட்டு, பைண்ட் வழுக்கிக்கொண்டே இருந்தது. பேடை உரித்து வேறு ஒட்டிய பிறகுதான் சரியானது.

* * *

மர ஆக்சில் காலத்திலிருந்து யோயோ ஆடுகிறவன் நான். நூல் நேரடியாக மரத்தில் உரசும். அப்போதெல்லாம் நூலை எவ்வளவு தளர்வாக முறுக்குகிறோம் என்பதில்தான் சுழலும் நேரம் இருந்தது. 1990-இல் அமெரிக்க யோயோ தயாரிப்பாளர் டாம் குன் எஸ்பி-2 என்ற அலுமினிய யோயோவை பேரிங்கோடு கொண்டுவந்தார். அந்த வகை யோயோவை முதல்முறை வீசிவிட்டு, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. அதனாலேயே பேரிங்கைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றும்.

என் அனுபவத்தில் பாதி அழுக்கு நூலிலிருந்துதான் வருகிறது. பஞ்சு பஞ்சாகப் பிரியத் தொடங்கிய நூலை இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று ஓட்டாதீர்கள். நூலை மாற்றும் நாளில் ஷீல்டு ஓரத்தில் இழை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் ஒரு பார்வை பாருங்கள், போதும். நடுவில் பள்ளம் உள்ள கான்கேவ் பேரிங் போட்ட பிறகு, நூல் பக்கச்சுவரில் உரசுவதும் இழை பிரிவதும் எனக்குக் குறைந்திருக்கிறது.

* * *

என் பேரிங் கழுவியும் டிக், டிக் என்கிறது. சிமெண்ட் தரையில் ஒருமுறை நன்றாக விழுந்தது. மூன்று முறை கழுவிவிட்டேன், எண்ணெயும் ஊசி முனையில்தான் வைத்தேன். இதற்கு என்ன செய்வது? கழற்றும்போது ஒரு பக்கக் கிளிப் வேறு தொலைந்துவிட்டது.

* * *

தம்பி, உள்வளையத்தைப் பென்சில் முனையில் மாட்டி, வெளிவளையத்தை மிக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டினால் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழுந்திருக்கிறது. அது கழுவிப் போகாது, பேரிங்கை மாற்றத்தான் வேண்டும். இடம் மாறி மாறித் தட்டினால் உள்ளே ஏதோ துகள் மிச்சமிருக்கிறது. இன்னொரு முறை கழுவுங்கள். இந்தத் தடவை குலுக்கும்போதே இடையிடையே எடுத்து விரலால் சுற்றிவிட்டு மறுபடி போடுங்கள், குண்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதும் வெளியே வரும்.

கிளிப் தொலைந்ததற்குக் கவலை வேண்டாம். ஷீல்டே இல்லாமலும் பேரிங் ஓடும், பலர் வேண்டுமென்றே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். தூசியும் இழையும் சீக்கிரம் உள்ளே போகும், அதனால் அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கழுவும்போது கிளிப்பை நெம்பும் வேலை மிச்சம்.