எல்.எஃப்.எஸ் (லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்) கட்டினவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

குலசேகரத்திலிருந்து:

ஆனிச் சாரல் நேரம். எங்க பக்கம் காத்தடிச்சா ரப்பர் கொம்பு ஒடிஞ்சு லைன்ல விழும், கரண்டு போயிரும். என் பழைய லேப்டாப் பேட்டரி பத்து நிமிஷம் தாங்காது. அதிலதான் லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் கட்ட உக்காந்தேன், அதாவது கையேட்டைப் பாத்து ஒரு முழு லினக்ஸையே சோர்ஸ் கோடிலிருந்து ஒவ்வொண்ணாக் கட்டுறது.

கம்பைல் பண்ற கருவிகளான பின்யுடில்ஸ், ஜி.சி.சி. முதல் சுற்று, பிறகு கெர்னல் ஹெடர் எல்லாம் முடிஞ்சு, அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியும் கம்பைல் ஆயிட்டு. இன்ஸ்டால் மட்டும் பாக்கி. அப்ப போச்சு கரண்டு.

ராத்திரி வந்ததும் அவசரத்தில எல்லா அனுமதியும் உள்ள ரூட் யூசராவே நுழைஞ்சு, புது சிஸ்டத்துக்கான தனிப் பார்ட்டிஷனை மவுண்ட் பண்ணி, மேக் இன்ஸ்டால் கொடுத்தேன். அந்தப் பார்ட்டிஷன் எங்கன்னு சொல்ற எல்.எஃப்.எஸ் வேரியபிள் புது ஷெல்லில் இல்லை. அது காலின்னா போய்ச்சேர வேண்டிய இடமும் காலி. புது ஜிலிப்சி, ஓடிக்கிட்டிருந்த சிஸ்டத்து (ஹோஸ்ட்) மேலேயே இறங்கிட்டு. அடுத்து ஃபைல் பட்டியலுக்கு எல்.எஸ் அடிச்சா செக்மென்டேஷன் ஃபால்ட். கேட், சுடோ மாதிரி வேற கமாண்டு எதுவும் எழும்பல. எல்லாம் ஜிலிப்சியைப் பிடிச்சுத்தானே நிக்குது!

கையேடு இதை எச்சரிக்கையாவே சொல்லியிருக்கு. அதுக்குத்தான் தனியா ஒரு யூசர் வைக்கச் சொல்றாங்க: அந்த யூசருக்கு ஹோஸ்ட்டில எழுத அனுமதி கிடையாது, "பர்மிஷன் டினைடு"ன்னு அங்கேயே நின்னிருக்கும். நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

லைவ் பென்டிரைவில் பூட் பண்ணி ஃபைலை எல்லாம் எடுத்து, ஹோஸ்ட்டைப் புதுசா போட்டேன். நல்லகாலம், தனிப் பார்ட்டிஷன் தப்பிச்சதால ஜி.சி.சி.யைத் திரும்பக் கட்டல. இப்ப இன்ஸ்டாலுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் எக்கோ அடிச்சு வேரியபிளைப் பாத்துக்கிடுவேன்.

குளச்சலிலிருந்து:

அண்ணா, எனக்கு க்ரூட்டுக்குள்ள, அதாவது கட்டிக்கிட்டிருக்கிற புது சிஸ்டத்துக்குள்ளேயே, போன பிறகு நடந்தது. கரண்டு வந்ததும் நேரா க்ரூட் பண்ணிட்டேன். டெவ், ப்ராக், சிஸ், ரன்னுங்கிற சிஸ்டம் டைரக்டரி எதையும் திரும்ப மவுண்ட் பண்ணல. எக்ஸ்பெக்ட்ங்கிற பேக்கேஜைக் கட்டுறதுக்கு முன்னாடி செய்யுற பி.டி.ஒய். (போலி டெர்மினல்) சோதனை தோத்துப் போச்சு. அந்தச் சோதனை பைத்தான்ல ஓடுறதால பைத்தான்தான் கோளாறுன்னு அரை நாள் தேடினேன். போலி டெர்மினலுக்கான டெவ் பிடிஎஸ் மவுண்ட் ஆகாததுதான் காரணம். இப்ப தற்காலிகக் கருவிகள் முடிஞ்சதும் ஒரு டார் பேக்கப் எடுத்து வெளி டிஸ்க்கில போட்டுருவேன்.

குலசேகரத்திலிருந்து:

நல்லது தம்பி. டார் எடுக்கும்போது க்ரூட்டை விட்டு வெளிய வந்து, அந்த மவுண்டை எல்லாம் கழட்டிட்டு எடு. திரும்ப விரிக்கிறதுக்கு முன்னாடி பழசை அழிக்கணும் இல்லையா, அங்க ரொம்பக் கவனம். வேரியபிள் காலியா இருந்து, டைரக்டரி மாத்துற சி.டி. கொடுத்தா ரூட்டோட ஹோமுக்குள்ள போய் நிப்ப. பி.டபிள்யூ.டி. அடிச்சு எங்க நிக்கிறோம்னு பாத்த பிறகு அழி.